கேட்காமல் விட்ட பெயர்

நரம்பை எப்படித் தேடுவது என்று என்னிடம் கேட்காதீர்கள். அதைப் படிப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். மிச்சத்தை உங்கள் விரல்கள் ஆறு மாதத்தில் தாமாகவே பழகிக்கொள்ளும். "போறதுக்கு முதல் எங்களுக்கு ஏதாவது எழுதித் தந்திட்டுப் போங்கோ அக்கா" என்று நீங்கள் கேட்டீர்கள். பிரியாவிடைக் கேக் வெட்டியதோடு என்னை விட்டிருக்கலாம். விடவில்லை. ஆகவே இருந்து வாசியுங்கள்.

இந்த வைத்தியசாலையின் கீழ்த்தளத்தில் பதினேழு வருடம் இரத்தம் எடுத்தேன். அதற்கு முன் ஐந்து வருடம் இதே தளத்தைத் துடைத்தேன். துடைப்பவளாக இருந்தபோது எல்லாரும் எனக்குப் பிரெஞ்சில் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொன்னார்கள். வெள்ளை அங்கி போட்ட பிறகு கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டிலும் எனக்கு மனவருத்தம் இல்லை. ஊசியைப் பார்க்க யாருக்குத்தான் விருப்பம்?

இரத்தம் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் நடந்ததை முதலில் சொல்கிறேன். துறைமுகத்தில் கொள்கலன் இறக்குகிற மனிதர் ஒருவர் வந்தார். கதவை அடைக்கிற உடம்பு, இரண்டு கையிலும் பச்சை குத்தியிருந்தார், நரம்புகள் கயிறு மாதிரிப் புடைத்து நின்றன. அவருக்கு அடுத்ததாகச் சென்னையிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவி. காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருந்தாள். ஒரு கட்டில்தான் காலியாக இருந்தது. அவளைக் கட்டிலில் படுக்க வைத்தேன், அவரைக் கதிரையில் இருத்தினேன். அந்தப் பிள்ளை ஊசி ஏறுவதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே தன் பரீட்சையைப் பற்றிக் கதைத்தது. கதிரையில் இருந்தவரோ பட்டியைக் கட்டியதுமே வெளிறிப்போய்க் கதிரையோடு சரிந்தார்.

"அக்கா, அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கட்டிலில் இருந்தபடி அவள் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, நெற்றியில் ஒரு வீக்கம். "முன்பு எப்போதாவது தலை சுற்றி விழுந்ததுண்டா?" என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உண்டு என்று சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. ஆளைப் பார்த்தே முடிவு கட்டிவிட்டேன்.

அந்தப் பிழைக்கு ஒரு பனிக்கட்டிப் பொதி போதுமாக இருந்தது. அடுத்த பிழைக்கு அது போதவில்லை. நான் உண்மையில் சொல்ல வந்தது அடுத்ததைத்தான்.

ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் அது மூன்றாவது மாதம். ஒரு பெரிய பிழை விட்டால் மறுபடியும் துடைப்பத்தைத் தூக்க வேண்டியதுதான் என்று தெரியும். ஆனால் தலைக்கனமும் ஏறியிருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். பக்கத்தில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கிற எங்கள் சனங்களிடையே "கீழை ஒரு தமிழ்ப் பிள்ளை இருக்கு, நோகாமல் எடுக்கும்" என்று கதை பரவியிருந்தது. வரிசையில் நின்று என்னையே கேட்டு வந்தார்கள். மற்றவர்கள் திரையில் இலக்கத்தைப் போட்டு ஆளை அழைப்பார்கள். நான் வாசலுக்குப் போய்த் தமிழில் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

அதிலும் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். எங்கள் பெண்கள் பலருக்குக் கடவுச்சீட்டில் கணவரின் பெயர்தான் குடும்பப் பெயர். இங்கே எல்லாப் படிவத்திலும் அதுதான் முன்னால் வரும். என்னோடு வேலை செய்தவர்கள் எப்போதாவது இலக்கத்துக்குப் பதிலாக "மதாம் நடராசா", அதாவது திருமதி நடராசா, என்று அழைத்தால் மதாம் எழும்ப மாட்டார். பக்கத்தில் இருக்கிற நடராசா எழும்பி வருவார். ஆகவே நான் கணவர் பெயரை விட்டுவிட்டு, அம்மாவின் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவேன். எல்லாரும் சிரித்த முகத்தோடு வருவார்கள். எனக்குப் பெருமை பிடிபடாது.

அன்று காலை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூடம் முழுக்க ஈரச் சப்பாத்தும் பசித்த முகமுமாக ஆட்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு. அதில் அவருடைய படிவமும் அச்சடித்த லேபிள்களும் இருக்கும். நான் எடுத்த தட்டில் 'நடராசா பரமேஸ்வரி' என்று இருந்தது. சத்திரசிகிச்சைக்கு முந்திய சோதனைகள், ஐந்து குழாய். அதில் ஒன்று இரத்த வகை பார்த்து, ஏற்றுவதற்கு இரத்தம் ஒதுக்கி வைப்பதற்காக இரத்த வங்கிக்குப் போவது.

"பரமேஸ்வரி அம்மா, வாங்கோ!" என்றேன். ஒரு அம்மா எழும்பி வந்தார். அறுபது வயதுக்குள் இருக்கும். குளிருக்கு மூன்று சட்டை போட்டிருந்தார். ஒவ்வொன்றாகக் கையைச் சுருட்ட நான் உதவி செய்தேன்.

விதி உங்களுக்குத் தெரியும். ஆள் தன் வாயால் முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் சொல்ல வேண்டும். நாங்கள் லேபிளோடு ஒப்பிட வேண்டும். அதன் பிறகுதான் ஊசி.

"முழுப் பேரைச் சொல்லுங்கோ அம்மா."

"பரமேஸ்வரி."

"குடும்பப் பேர்?"

அம்மா நிலத்தைப் பார்த்தார். உதட்டில் சின்னச் சிரிப்பு. "அவரின்ரை பேர்தான் பிள்ளை..." என்று இழுத்தார்.

எனக்கு விளங்கியது. எங்களில் அந்த வயதுப் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்திக் கேட்பது மரியாதையில்லை என்றும் எனக்குத் தெரியும். வேறு யாரும் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் இந்தப் பிழை நடந்திருக்காது. பிரெஞ்சுக்காரி ஒருத்தி விளங்காமல் மறுபடி மறுபடி கேட்டிருப்பாள். எனக்குத்தான் எல்லாம் விளங்கியதே!

"சரி சரி, அவரின்ரை பேரைச் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்" என்று சிரித்தேன். ஒன்றை விட்டவளுக்கு அடுத்ததை விடுவது இன்னும் இலேசு. பிறந்த திகதியையும் கேட்கவில்லை.

மூன்றாவது குழாய் நிறையும்போது அம்மா சொன்னார்: "வழமையிலை ஒண்டுதானே எடுக்கிறவை. இண்டைக்கு என்ன பிள்ளை, இவ்வளவு எடுக்கிறியள்?"

"டொக்டர் கேட்டிருக்கிறார் அம்மா" என்றேன்.

நோயாளி என் கையைப் பிடித்து நிறுத்துவதற்குச் சமமான கேள்வி அது. நான் அதையும் சிரித்தே கடந்தேன். லேபிள்களை ஒட்டினேன், குழாய்களை மேலே அனுப்பினேன், அம்மா பஞ்சை அழுத்தியபடி பசிக்குது என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

முக்கால் மணித்தியாலம் கழித்து எடுத்த தட்டில் 'கந்தையா பரமேஸ்வரி' என்று இருந்தது. சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, ஒரே ஒரு குழாய். இன்றைக்கு இரண்டு பரமேஸ்வரி என்று எனக்குள் வேடிக்கையாக நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன். வேறொரு அம்மா எழும்பினார். கூடவே கணவரும் எழும்பி, மனைவியின் குளிர்ச்சட்டையை வாங்கிக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டார்.

"கனநேரமா இருக்கிறம் பிள்ளை. நடுவிலை ஒருக்கால் பாத்ரூமுக்குப் போனனான், இவரும் அப்ப காருக்குப் போட்டார், அந்த நேரம் கூப்பிட்டனீங்களோ தெரியாது" என்று சொல்லியபடி அம்மா கதிரையில் இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு விடியத்தான் ஒப்பரேசன். கர்ப்பப்பை எடுக்கினம். இரத்தம் கனக்கப் போகுமாம். இரத்தம் ஏத்த வேண்டி வரலாம், இண்டைக்கே பாத்து வைக்க வேணும் எண்டவை."

என் கையில் இருந்த லேபிளில் சீனி என்று இருந்தது. எதிரே இருந்தவரோ ஒப்பரேசன் என்கிறார்.  காலையில் எழும்பி வந்தவர் கந்தையாவின் பரமேஸ்வரி. அவருடைய இரத்தம் நடராசாவின் பரமேஸ்வரி என்ற பெயரோடு இரத்த வங்கியில் இருக்கிறது. நாளை விடிய அந்தப் பெயருக்காக ஒதுக்கும் இரத்தம் இந்த அம்மாவின் உடம்பில் ஏறப்போகிறது. வகை மாறினால் ஒரு பை போதும், ஆள் தப்புவது கஷ்டம்.

"ஒரு நிமிசம் அம்மா" என்று சொல்லிவிட்டு, துணி அடுக்கிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அங்கே நின்று நான் யோசித்ததை உங்களுக்கு மறைக்கப் போவதில்லை. இரத்த வங்கிக்குப் போன் எடுத்து, "காலையில் அனுப்பியது உறைந்திருக்கும் போல, எறிந்துவிடுங்கள், புதிதாக அனுப்புகிறேன்" என்று சொன்னால் முடிந்தது. குழாயில் இரத்தம் உறைவது அன்றாடம் நடக்கிறதுதானே. அம்மாவுக்கும் ஆபத்து இல்லை, எனக்கும் வேலை தப்பும், பொய்யும் சின்னப் பொய். வீட்டில் என் சம்பளத்தை நம்பி இரண்டு பிள்ளைகள். அந்தப் பொய்யை எப்படிச் சொல்வது என்று பிரெஞ்சில் சொல் சொல்லாகக் கோத்தும் விட்டேன்.

பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னது நினைவுக்கு வந்தது. தன் உடம்பைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டு, தமிழ்ப் பிள்ளை என்று நம்பி என்னிடம் சொன்னார். எனக்கு என்னை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

போனை எடுத்தேன். இரத்த வங்கியில் அன்று இருந்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அதுவரை குரல் மட்டும்தான் பழக்கம். பெயரை எழுதுவது அவருக்குப் பிடிக்காது, ஆகவே விட்டுவிடுகிறேன். கோத்து வைத்த பிரெஞ்சு எல்லாம் எங்கோ போய்விட்டது. "என் பிழை. பெயர் ஒருவருடையது, இரத்தம் இன்னொருவருடையது. நான் கேட்கவில்லை" என்று மட்டும் உடைந்த பிரெஞ்சில் சொன்னேன்.

 "நோயாளி எங்கே?" என்று கேட்டார்.

"கீழே, என் கதிரையில்."

"அவரை எங்கும் போக விடாதே. நான் வருகிறேன்."

மூன்று நிமிடத்தில் படியால் இறங்கி வந்தார். மூக்குத்தி போட்ட, ஒல்லியான பெண். என்னைத் திட்டவில்லை. கூடத்தின் மூலையில் வைத்து மெதுவாகக் கேட்டார்: "உறைந்துவிட்டது என்று சொல்ல யோசித்தாயா?"

நான் தலையாட்டினேன்.

"எல்லாரும் யோசிப்பார்கள். நீ அப்படிச் சொல்லியிருந்தால் குழாயை மட்டும் எறிந்திருப்பேன். ஆனால் வகையை நான் ஏற்கெனவே பார்த்துப் பதிந்துவிட்டேன். அந்தப் பதிவு அப்படியே இருந்திருக்கும். புதுக் குழாயில் வேறு வகை வந்தால் எதை நம்புவது, எதைச் சந்தேகிப்பது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ உண்மையைச் சொன்னதால் எதை அழிக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்."

பிறகு கொஞ்சம் கடுமையாகச் சொன்னார்: "இப்போது எடு. நான் பக்கத்தில் நிற்கிறேன். இந்த முறை அவர் வாயால் முழுப் பெயரும் வர வேண்டும்."

"வராது" என்றேன். "கணவருடைய பெயரைச் சொல்ல மாட்டார். எங்கள் வழக்கம்."

அவர் சிரிக்கவில்லை, புருவத்தை உயர்த்தவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் எழுதித் தரட்டும். இல்லையென்றால் மருத்துவ அட்டையைக் காட்டட்டும். அவர் எப்படித் தந்தாலும் எனக்குச் சரி. நீ அவருக்காகச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. மரியாதையையும் காப்பாற்றலாம், ஆளையும் காப்பாற்றலாம். ஒரு பேனாவும் ஒரு துண்டுக் கடதாசியும் போதும்.

நான் அம்மாவுக்கு முன்னால் சின்ன ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தேன். கடதாசியை நீட்டினேன்.

"அம்மா, உங்கடை முழுப் பேரை இதிலை எழுதித் தாங்கோ."

"என்னத்துக்குப் பிள்ளை? மேசையிலை அட்டை காட்டினனான்தானே."

இங்கேயும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவருடைய இரத்தம், அவருடைய ஒப்பரேசன். தெரியாமல் இருக்க வேண்டியவர் அவரில்லை.

"அம்மா, நான் ஒரு பிழை விட்டிட்டன். காலமை இன்னொரு பரமேஸ்வரி அம்மாவின்ரை இரத்தத்தை எடுத்து உங்கடை பேரிலை அனுப்பிப்போட்டன். அவவும் தன்ரை மனுசன்ரை பேரைச் சொல்ல வெக்கப்பட்டா. நான் கேக்காமல் விட்டிட்டன். இப்ப அதைப் பிடிச்சிட்டம். ஆனா இனி உங்கடை பேரை நீங்கள்தான் தர வேணும், நான் தரக்கூடாது."

அம்மா என்னைப் பார்த்தார், மூக்குத்திப் பெண்ணைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பிடிக்காமல் விட்டிருந்தா நான் செத்திருப்பனோ?"

"ஓம் அம்மா. நடந்திருக்கலாம்."

அழுவார் அல்லது ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பேனாவைத் திருப்பி என் கையில் தந்தார். நிமிர்ந்து இருந்தார். கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வது போலக் கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாகவே சொன்னார்:

"நடராசா பரமேஸ்வரி."

"ஓம், ஓம், வாறன்!" என்று வாசலில் இருந்து ஒரு குரல். கணவர் குளிர்ச்சட்டையும் கையுமாக விறுவிறென்று உள்ளே வந்து நின்றார். தன்னைக் கூப்பிட்டது யார் என்று எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் உவரைக் கூப்பிடுறது எப்பவும் 'இஞ்சாருங்கோ' எண்டுதான் பிள்ளை" என்றார் விரல்களுக்கு நடுவால். "முப்பத்தஞ்சு வருசம்."

பிறந்த திகதியையும் கேட்டேன், சொன்னார். இரத்தம் எடுத்தேன். லேபிளை அவருக்கு முன்னால் பிடித்து வாசித்துக் காட்டி ஒட்டினேன்.  

பின்னேரம் மேலேயிருந்து போன் வந்தது. "காலையில் உள்ளது ஏ. இப்போது வந்தது ஓ" என்றார் மூக்குத்திப் பெண்.  ஓ வகைக்காரருக்கு ஏ வகை இரத்தம் ஏற்றினால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் ஒப்பரேசனில் சொன்னபடியே இரத்தம் அதிகம் போனது. இரண்டு பை ஏற்றினார்கள். இரண்டும் ஓ. அந்தச் செய்தி கீழே வந்தபோது நான் மறுபடியும் துணி அறைக்குள் போனேன். இந்த முறை அழத்தான்.

வேலை போகவில்லை. அறிக்கை எழுதினேன், தகுதிகாண் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார்கள். நியாயம்தான். சீனி அம்மாவுக்கு நானே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டு, மறுநாள் வெறும் வயிற்றோடு திரும்பி வரச் சொன்னேன். "அப்பவே கேட்டனான்தானே, ஏன் இவ்வளவு எடுக்கிறியள் எண்டு" என்று அவர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார் பாருங்கள், இன்றைக்கும் காது சுடுகிறது. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். கதிரையில் இருக்கிறவர் "வழமையாக இப்படி இல்லையே" என்றால் கையை நிறுத்துங்கள். கூடம் நிறைந்து வழியட்டும், பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களில் பாதிப்பேர் தமிழ்ப் பிள்ளைகள். எங்கள் சனங்கள் உங்களைத் தேடி வருவார்கள், உங்கள் தலையைத் தடவுவார்கள், ஊர் கேட்பார்கள். அவர்களைத் தெரியும் என்ற எண்ணம் உங்களுக்கும் வரும். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் பெயரைக் கேளுங்கள். தெரியாதவரிடம் ஒருமுறை கேட்கிறதென்றால், தெரிந்தவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஆறு கிழமை கழித்து நடராசா ஐயாவும் பரமேஸ்வரி அம்மாவும் திரும்ப வந்தார்கள், உடம்பில் மறுபடி இரத்தம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க. அம்மாவின் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. ஐயா இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து, கதிரைக்குப் பக்கத்தில், குளிர்ச்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"முழுப் பேரைச் சொல்லுங்கோ அம்மா" என்றேன். கடதாசியும் பேனாவும் தயாராக வைத்திருந்தேன்.

அம்மா அவற்றைப் பார்க்கவே இல்லை. மெல்லிய குரலில், கணவர் பக்கம் திரும்பாமல், அவர் பெயரையும் சேர்த்தே சொன்னார். லேபிளோடு சரியாக இருந்தது. நான் பட்டியைக் கட்டக் குனிந்தேன்.

"பிள்ளை" என்றார் ஐயா. "இன்னொருக்கால் கேளுங்கோ. எனக்கு வடிவாக் கேக்கேல்லை."

விதிப்படி ஒருமுறை கேட்டால் போதும். நான் இரண்டாவது முறையும் கேட்டேன்.